எல்லைக் கணக்கு எங்கே இடறுகிறது? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழிமுறை

இலங்கை க.பொ.த. உயர்தர இணைந்த கணிதத்தின் முதலாம் வினாத்தாளில், பகுதி அ-வில் பத்து வினாக்கள், ஒன்றுக்கு 25 புள்ளி. அவற்றில் ஒன்று அனேகமாக எல்லைக் கணக்கு: மாறி ஓர் எண்ணை நெருங்கும்போது கோவை எதை நெருங்குகிறது என்று கேட்பது. ஐந்தாறு வரியில் முடியக்கூடிய வினா. ஆனால் பிழைத்த விடைகளைத் திருத்திப் பார்த்தால், பிழை எல்லையில் இருப்பது அரிது. காரணிப்படுத்தலில் இருக்கும், அடைப்பில் இருக்கும், ஒரு கழித்தல் குறியில் இருக்கும். அதாவது சாதாரண தரத்தில் படித்த அட்சரகணிதத்தில் இருக்கும். அதனால்தான் "எல்லை விளங்கவில்லை" என்று பாடத்தை முதலிலிருந்து திரும்பப் படிக்கிற பிள்ளைக்கும் கணக்கு சரிவருவதில்லை.

2024, 2025 ஆம் ஆண்டுகளில் பரீட்சை நவம்பர், டிசம்பரில் வந்தது. திருகோணமலையில் அது மாரி மழை கொட்டுகிற காலம். 2024 நவம்பர் இறுதியில் பரீட்சையையே சில நாட்கள் நிறுத்த வேண்டி வந்தது. மூதூர், வெருகல், குச்சவெளிப் பக்கமிருந்து ரவுணுக்கு ரியூசனுக்கு வருகிற பிள்ளைகளுக்கு, கடைசி மீட்டல் வகுப்புகள் தவறியது அந்த மாதங்களில்தான். வீட்டில் தனியாக இருந்து பிழையைப் பிடிக்க இந்த வழிமுறை. ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே இரண்டு நிமிடத்தில் பார்க்கக்கூடிய காரணம் முதலில் இருக்கிறது, நேரம் தின்னும் காரணம் கடைசியில்.

மாறியை இங்கே ய என்று எழுதியிருக்கிறோம். கொப்பியில் வழக்கமான எழுத்தையே பாவியுங்கள்.

## எந்தக் கணக்கானாலும் முதல் வேலை

பிரதியிட்டுப் பாருங்கள். வேறு எதையும் தொடமுன் இதுதான். கரையில் பென்சிலால், விடையின் பகுதியாக அல்லாமல், தொகுதிக்கு (பின்னத்தின் மேலே) என்ன வருகிறது, பகுதிக்கு (கீழே) என்ன வருகிறது என்று தனித்தனியாக எழுதுங்கள்.

பகுதி பூச்சியமல்லாத ஓர் எண் என்றால், பரீட்சையில் வருகிற வழக்கமான கோவைகளுக்குக் கணக்கு அங்கேயே முடிந்தது. 0/0 என்றால் அறிகுறி 1, 2, 3. பூச்சியமல்லாத எண்ணின் கீழே 0 என்றால் அறிகுறி 4. மட்டுக்குறியோ, துண்டு துண்டாக வரையறுத்த சார்போ இருந்தால் நேரே அறிகுறி 5. ய முடிவிலிக்குப் போகிறது என்றால் அறிகுறி 6.

இந்த அரை நிமிட வேலையைத் தவிர்ப்பதால் வருகிற பிழைகள் ஏராளம். உதாரணத்துக்கு, சைன் ய / ய என்ற கோவைக்கு ய → பை என்று கேட்டால், கை தன்பாட்டில் 1 என்று எழுதிவிடும். பிரதியிட்டால் 0/பை, விடை 0. அங்கே 0/0 இல்லவே இல்லை.

## அறிகுறி 1: பல்லுறுப்பிக் கணக்கில் 0/0 போகமாட்டேன் என்கிறது

பார்க்கவேண்டியது முதலில்: காரணியின் குறி. ய → 2 இல் தொகுதி, பகுதி இரண்டும் பூச்சியமாகின்றன என்றால், இரண்டிலும் (ய − 2) காரணியாக இருந்தே ஆகவேண்டும். காரணித் தேற்றம் தரும் உறுதி இது. உங்கள் காரணிப்படுத்தலில் (ய − 2) வரவில்லை என்றால் பிழை உங்கள் காரணிப்படுத்தலில்தான், கணக்கில் இல்லை.

(ய² − 5ய + 6)/(ய² − 4), ய → 2.
(ய − 2)(ய − 3) / (ய − 2)(ய + 2). வெட்டினால் (ய − 3)/(ய + 2). விடை −1/4.

சோதனை: ய = 2.01 என்று போட்டால் தொகுதி −0.0099, பகுதி 0.0401, விகிதம் ஏறத்தாழ −0.247. −0.25 ஐ நெருங்குகிறது. சரி.

அடுத்தது: தலைகீழ்ச் சோடி. (2 − ய) உம் (ய − 2) உம் ஒன்றல்ல. வெட்டினால் 1 வராது, −1 வரும். பின்னத்துக்குள் பின்னம் இருக்கிற கணக்கில் இந்த இடத்தில்தான் குறி தொலைகிறது.

(1/ய − 1/2)/(ய − 2), ய → 2. மேலே பொதுப்பகுதி எடுத்தால் (2 − ய)/(2ய). அதை (ய − 2) ஆல் வகுக்க −1/(2ய). விடை −1/4. 1/4 என்று வந்தால் குறியைத் தேடுங்கள், மற்ற எல்லாம் சரியாகவே இருக்கும்.

ஒருமுறை வெட்டியும் 0/0 வருகிறதா? பிழை செய்யவில்லை. காரணி இரண்டு தடவை இருக்கிறது.

(ய³ − 3ய + 2)/(ய² − 2ய + 1), ய → 1. ஒரு (ய − 1) ஐ வெட்டினால் (ய² + ய − 2)/(ய − 1), மறுபடி 0/0. இன்னொரு தடவை வெட்ட (ய + 2) மிஞ்சுகிறது. விடை 3. இந்தக் கட்டத்தில் "எல்லை இல்லை" என்று எழுதி விட்டுவிடுகிறவர்கள் பலர். வெட்டிய பின்னும் பிரதியிட்டுப் பார்க்க வேண்டும். 0/0 தொடரும்வரை வேலையும் தொடரும்.

முப்படியை வகுக்கும்போது மீதி வருகிறதா? இல்லாத உறுப்புக்கு இடம் விடவில்லை. ய³ − 3ய + 2 ஐ வகுக்க எழுதும்போது ய³ + 0ய² − 3ய + 2 என்று எழுதுங்கள். அந்த 0 ஐ விட்டால் நிரல் ஒன்று இடம்பெயரும். வகுத்தலில் மீதி பூச்சியம் வரவில்லை என்றால் அந்த வகுத்தல் பிழை. மீதியோடு அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

பெரிய வலு இருக்கிறதா? (ய⁵ − 32)/(ய³ − 8), ய → 2. காரணிப்படுத்தி மாய வேண்டாம். 32 ஐ 2⁵ என்றும் 8 ஐ 2³ என்றும் எழுதி, மேலையும் கீழையும் (ய − 2) ஆல் வகுத்தால் நியம முடிவு (ய → அ இல் (யⁿ − அⁿ)/(ய − அ) இன் எல்லை n × அⁿ⁻¹) இரண்டு தடவை வருகிறது: மேலே 5 × 2⁴ = 80, கீழே 3 × 2² = 12. விடை 20/3. பிழைக்கிற இடங்கள் இரண்டு. ஒன்று, வலுவை ஒன்றால் குறைக்காமல் 5 × 2⁵ என்று எழுதுவது. மற்றது (ய⁵ + 32)/(ய + 2), ய → −2 போன்ற கணக்கு: கூட்டல் குறியைக் கண்டு முடிவு பொருந்தாது என்று நினைப்பது. பொருந்தும். அது ய⁵ − (−2)⁵. விடை 5 × (−2)⁴ = 80.

## அறிகுறி 2: வர்க்கமூலம் இருக்கிறது, 0/0

வழி எல்லோருக்கும் தெரியும். இடைக் குறியை மாற்றிய கோவையால் மேலும் கீழும் பெருக்குவது. அதற்குப் பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

(√(ய + 7) − 3)/(ய − 2), ய → 2.

√(ய + 7) + 3 ஆல் பெருக்கினால் தொகுதி (ய + 7) − 9, அதாவது ய − 2. பகுதி (ய − 2)(√(ய + 7) + 3). வெட்டினால் 1/(√(ய + 7) + 3). விடை 1/6.

விடை 1 வந்தால் மேலே மட்டும் பெருக்கியிருக்கிறீர்கள். 6 வந்தால் கடைசி வரியில் தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள். −1/6 வந்தால் 3 − √(ய + 7) என்று வினாவையே மாற்றிப் பிரதிபண்ணியிருக்கலாம். வினாவை ஒருமுறை திரும்பப் பாருங்கள். ஒன்றுமே வராமல் பக்கம் நிறைந்து போனால், பகுதியை விரித்து எழுதியிருக்கிறீர்கள். இதுதான் மிகவும் நேரம் விரயமாகிற பிழை. மூலத்தை நீக்குகிற பக்கத்தை மட்டும் விரிக்கவேண்டும், மற்றப் பக்கம் அடைப்போடு அப்படியே நிற்கவேண்டும். (ய − 2) ஐ வெட்டத்தான் இவ்வளவு வேலையும் செய்தோம். விரித்தால் அது மறைந்துபோகும்.

மேலும் கீழும் மூலம் இருந்தால் இரண்டு கோவைகளாலும் பெருக்குங்கள். (√(ய + 2) − 2)/(√(ய + 7) − 3), ய → 2 என்றால் √(ய + 2) + 2 உம் வேண்டும், √(ய + 7) + 3 உம் வேண்டும். வெட்டிய பின் (√(ய + 7) + 3)/(√(ய + 2) + 2). விடை 6/4, அதாவது 3/2.

## அறிகுறி 3: சைன், கோசைன் வந்தால் விடை மாறிப்போகிறது

கோணமும் பகுதியும் ஒன்றா? சைன் 3ய / ய இல் மேலே 3ய, கீழே ய. ஒன்றல்ல. கீழே 3ய ஆக்கி, அதற்கு ஈடாக வெளியே 3 ஆல் பெருக்குங்கள். விடை 3. சைன் 3ய ஐ 3 சைன் ய என்று எழுதினாலும் இங்கே 3 தான் வரும். ஆனால் அந்த வரி பொய், புள்ளி போகும். விடை சரியாக இருப்பதால் இந்தப் பிழை வருடக்கணக்கில் கண்ணில் படாமலே இருந்துவிடுகிறது.

1 − கோசைன் இருக்கிறதா? உடனே இரட்டைக் கோணச் சூத்திரம். 1 − கோசைன் 2ய = 2 சைன்² ய. (1 − கோசைன் 2ய)/(ய சைன் 3ய), ய → 0 என்றால் 2 சைன்² ய / (ய சைன் 3ய). மேலையும் கீழையும் ய² ஆல் வகுங்கள். மேலே 2 × 1 × 1, கீழே 3. விடை 2/3. கோணம் 2ய அல்லாமல் வெறும் ய என்றால் பாதிக் கோணம்: 1 − கோசைன் ய = 2 சைன்² (ய/2). இங்கே 1/4 ஒன்று வெளியே வரும், அதைத் தவறவிடுகிறார்கள். (1 − கோசைன் ய)/ய² இன் எல்லை 1/2 என்பதை மனதில் வைத்தால் பிழை உடனே தெரியும்.

ய பூச்சியத்துக்குப் போகவில்லையா? போகவையுங்கள். கோசைன் ய / (பை/2 − ய), ய → பை/2 என்றால் உ = பை/2 − ய என்று எடுங்கள். கோசைன் ய என்பது சைன் உ ஆகிவிடும். சைன் உ / உ, உ → 0. விடை 1. மாறியை மாற்றினால் அம்புக்குறிக்குக் கீழே இருப்பதையும் மாற்றி எழுத மறக்காதீர்கள். பழைய ய → பை/2 அப்படியே நின்றால் அந்த வரி பிழை.

வீட்டில் கணிகருவியில் சோதித்தபோது 0.01745 வந்ததா? கணக்கு பிழையல்ல, கருவி பாகையில் இருக்கிறது. சைன் ய / ய → 1 என்பது ஆரையனில் மட்டும் உண்மை. பாகையில் அது பை/180, அதாவது ஏறத்தாழ 0.01745. பெரும்பாலான கணிகருவிகள் பாகையில் நிற்கும். ஆரையனுக்கு மாற்றி ய = 0.01 போடுங்கள், 0.99998 வரும். இன்னும் கிட்டப் போகலாமே என்று 0.0000001 போடாதீர்கள். 1 − கோசைன் கணக்குகளில் கருவியின் இலக்கங்கள் போதாமல் வெறும் 0 என்று காட்டிவிடும். 0.01, பிறகு 0.001. அவ்வளவு போதும்.

மூலமும் சைனும் சேர்ந்து வருவது பரீட்சைக்குப் பிடித்த வடிவம். (√(1 + ய) − √(1 − ய))/சைன் 2ய, ய → 0. முதலில் மூலத்தைக் கவனியுங்கள்: மேலே 2ய ஆகிறது, கீழே சைன் 2ய × (√(1 + ய) + √(1 − ய)). இப்போது இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: 2ய/சைன் 2ய ஒன்று, 1/(√(1 + ய) + √(1 − ய)) மற்றது. எல்லைகள் 1 உம் 1/2 உம். விடை 1/2. பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே பின்னத்தில் வைத்துக்கொண்டு தடுமாறுவதுதான் இங்கே வழக்கமான பிழை.

## அறிகுறி 4: கீழே மட்டும் 0

0 என்று எழுதுவது பிழை. உடனே "முடிவிலி" என்று எழுதுவதும் அனேகமாகப் பிழை. இரண்டு பக்கமும் குறி பாருங்கள். 1/(ய − 3) க்கு ய = 3.01 இல் 100, ய = 2.99 இல் −100. ஒன்று மேலே ஓடுகிறது, மற்றது கீழே ஓடுகிறது. எல்லை இல்லை. 1/(ய − 3)² என்றால் இரண்டு பக்கமும் 10000, இரண்டும் மேலே ஓடுகின்றன. இங்கே முடிவிலியை அணுகுகிறது என்று எழுதலாம்.

## அறிகுறி 5: மட்டுக்குறி, அல்லது இரண்டு வரியில் தந்த சார்பு

கிண்ணியாவிலிருந்து ஒருவரும் திருகோணமலையிலிருந்து ஒருவரும் கிண்ணியாப் பாலத்தில் ஏறி நடந்து வந்தால், நடுவில் ஒரே இடத்தில் சந்திப்பார்கள். எல்லை இருக்கிறது என்றால் அதுதான். பாலத்தின் நடுவே ஒரு துண்டு உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருந்தால் சந்திப்பு இல்லை, எல்லையும் இல்லை. நடுவில் ஒரு பலகை மட்டும் இல்லை என்றால், இருவரும் அந்த இடத்தையே நோக்கி வருகிறார்கள், எல்லை இருக்கிறது. அந்தப் புள்ளியில் சார்பின் பெறுமானம் என்ன என்பது வேறு கேள்வி.

(ய² − 4)/|ய − 2|, ய → 2. வலப்பக்கம் ய > 2, மட்டு அப்படியே (ய − 2), எல்லை 4. இடப்பக்கம் ய < 2, மட்டு −(ய − 2), எல்லை −4. இரண்டும் வேறு, ஆகவே எல்லை இல்லை. மட்டுக்குறியை வெறும் அடைப்பாக நினைத்து நேரே வெட்டி 4 என்று முடிப்பதுதான் இங்கே முதற் சந்தேகம். இரண்டாவது சந்தேகம் √(ய²). அதுவும் |ய| தான், ய அல்ல.

மாறிலி கண்டுபிடிக்கச் சொன்னால்: ய < 3 இல் சார்பு கய + 1, ய ≥ 3 இல் ய² − 2, ய = 3 இல் தொடர்ச்சி என்க. இடப்பக்க எல்லை 3க + 1, வலப்பக்க எல்லை 7, பெறுமானமும் 7. க = 2. மூன்றையும் எழுதவேண்டும். பெறுமானத்தை எழுதாமல் விட்டால் தொடர்ச்சி காட்டப்படவில்லை.

## அறிகுறி 6: ய முடிவிலிக்குப் போகிறது

பகுதியிலுள்ள மிகப் பெரிய வலுவால் மேலும் கீழும் எல்லா உறுப்பையும் வகுங்கள். (3ய² − ய + 4)/(5ய² + 2) க்கு 3/5. ஓர் உறுப்பை வகுக்காமல் விடுவதே இங்கே பிழை.

"முடிவிலி கழித்தல் முடிவிலி" வந்தால் 0 என்று எழுதாதீர்கள். √(ய² + 6ய) − ய ஐ, குறி மாற்றிய கோவையால் பெருக்கி வகுத்தால் 6ய/(√(ய² + 6ய) + ய). ய ஆல் வகுக்க 6/(√(1 + 6/ய) + 1). விடை 3. ய மறை முடிவிலிக்குப் போனால் மூலத்துக்குள் ய² ஆல் வகுக்கும்போது குறி மாறும்: √(4ய² + 1)/ய இன் எல்லை அங்கே −2, 2 அல்ல.

## அறிகுறி 7: விடை சரி, புள்ளி குறைவு

கொப்பியைத் திறந்து "= 0/0 =" என்று எங்கேயாவது எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால் அதுதான். 0/0 ஓர் எண் அல்ல, சமன்குறிக்கு நடுவில் வைக்க முடியாது. கரையில் பென்சிலோடு நிற்கட்டும்.

அடுத்து எல்லைக் குறியீடு. பிரதியிடும்வரை ஒவ்வொரு வரியிலும் அது இருக்கவேண்டும், பிரதியிட்ட வரியிலிருந்து இருக்கக்கூடாது. நடுவில் இரண்டு வரியில் காணாமல் போய்க் கடைசியில் திரும்பி வருவது நிறையக் கொப்பிகளில் உண்டு.

பிறகு லோப்பித்தால் விதி, அதாவது மேலையும் கீழையும் வகையிட்டு எல்லை காண்பது. பாடத்திட்டத்தில் இல்லாதது. கரையில் விடையைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்க்கும்போதுகூட, 0/0 அல்லது முடிவிலி/முடிவிலி என்று உறுதியாகாமல் தொடக்கூடாது. (ய² + 1)/(ய + 1), ய → 1 என்றால் விடை 1. விதியைப் போட்டால் 2 வரும். அத்தோடு, மேலையும் கீழையும் தனித்தனியாக வகையிடவேண்டும், ஈவு விதியை இங்கே கொண்டுவரக்கூடாது.

## எப்போது ஆசிரியரிடம் போகவேண்டும்

முதலில் இந்த ஐந்தையும் கொப்பி பார்க்காமல் பத்து நிமிடத்தில் செய்யுங்கள்: ய² − 5ய + 6, 2ய² − 3ய − 2, ய³ − 8 ஆகியவற்றைக் காரணிப்படுத்துதல், (√5 − √3)(√5 + √3) ஐச் சுருக்குதல், 1/ய − 1/2 ஐ ஒரே பின்னமாக எழுதுதல். விடைகள் முறையே (ய − 2)(ய − 3), (2ய + 1)(ய − 2), (ய − 2)(ய² + 2ய + 4), 2, (2 − ய)/(2ய).

இரண்டுக்கு மேல் பிழைத்தால் எல்லையில் மேலும் கணக்குச் செய்வது நேர விரயம். சாதாரண தரப் புத்தகத்தின் காரணிகள், அட்சரகணிதப் பின்னங்கள் அலகுகளை எடுத்து, நாளுக்கு பத்துக் கணக்காக இரண்டு வாரம் செய்யுங்கள். இங்கே சொன்ன திருத்தங்களில் அதிக நேரம் பிடிப்பது இதுதான், ஆனால் வகையிடலும் தொகையிடலும் இதிலேயே தங்கியிருக்கின்றன.

ஐந்தும் சரியாக வந்தும், ஒரே கணக்கில் இருபது நிமிடத்துக்கு மேல் நின்றால், அல்லது விடையும் கணிகருவிச் சோதனையும் ஒத்துவராமல் இரண்டு தடவை வந்தால், சேரிடமோ மிஸ்ஸிடமோ கேளுங்கள். வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு ஓடுகிற நேரத்தில் அல்ல, தொடங்குமுன். பிழைத்த வேலையை அழிக்காமல் அப்படியே கொண்டுபோங்கள். பிரதியிட்டு எழுதிய பென்சில் வரியும் அதில் இருக்கட்டும். "இந்தக் கணக்கைச் செய்து காட்டுங்கள்" என்று கேட்டால் இன்னொரு சரியான விடைதான் கிடைக்கும். எந்த வரிவரை சரி என்று கேளுங்கள்.